புள்ளிகள் எங்கே அடர்கின்றன? செறிவைக் கணக்கிடும் கெர்னல் முறை

கோலத்துக்கு வைத்த புள்ளிகளில் எந்த இரண்டு அடுத்தடுத்த புள்ளிகளை எடுத்தாலும் இடைவெளி ஒன்றாகத்தான் இருக்கும். மழை தொடங்கிய முதல் நிமிடத்தில் சிமென்ட் தரையில் விழும் துளிகள் அப்படியல்ல; எங்கே விழும் என்று சொல்ல முடியாதபடி சிதறிக் கிடக்கும். தரையில் சிந்திய சர்க்கரையை மொய்க்கும் எறும்புகளோ ஓரிடத்தில் கும்பலாகவும் மற்ற இடங்களில் ஒன்றிரண்டாகவும் இருக்கும். இம்மூன்றையும் கரும்பலகையில் வரைந்துவிட்டு, "எந்தப் படத்தில், எந்த இடத்தில் புள்ளிகள் அடர்த்தி?" என்று கேட்டால் 6ஆம் வகுப்பு மாணவர்கூட விரல் நீட்டிக் காட்டிவிடுவார். "எவ்வளவு அடர்த்தி? எண்ணாகச் சொல்" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் வழி ஒன்றையும், அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம். 9, 10ஆம் வகுப்புக் கணிதம் தெரிந்த மாணவருக்கு இது எட்டக்கூடியதே.

சமூக அறிவியல் பாடத்தில் மக்கள்தொகை அடர்த்தி வருகிறது. மொத்த மக்களைப் பரப்பளவால் வகுக்கிறோம். மாவட்டத்துக்கு ஒரே எண் கிடைக்கிறது. ஆனால் மாவட்டம் முழுவதும் மக்கள் சீராகப் பரவியிருப்பதில்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நெரிசல், மலையடிவாரத்தில் ஒரு வெறிச்சோடல். நமக்கு வேண்டியது சராசரி அன்று. இந்த இடத்தில் எவ்வளவு, அந்த இடத்தில் எவ்வளவு என்று இடத்துக்கு இடம் மாறும் அளவு. புள்ளியியலில் இதனைச் செறிவு என்கிறார்கள். ஓரிடத்தைச் சுற்றி ஓர் அலகுப் பரப்பில் எத்தனை புள்ளிகளை எதிர்பார்க்கலாம் என்பதே அதன் பொருள்.

கட்டம் போட்டு எண்ணினால்

முதலில் எல்லாருக்கும் தோன்றும் வழி, கட்டம் போட்டு எண்ணுவது. நிகழ்வுச் செவ்வகம் வரையும்போது நாம் செய்வதும் அதுதான். எளிமைக்காக ஒரு நேரான தெருவை எடுத்துக்கொள்வோம். நீளம் 14 அலகு. ஓர் அலகு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தெருவோரத்தில் 5 வேப்பங்கன்றுகள், தெரு தொடங்கும் இடத்திலிருந்து 3, 3.5, 4.5, 5, 11 ஆகிய தொலைவுகளில் முளைத்திருக்கின்றன.

0-விலிருந்து தொடங்கி 4 அலகுக்கு ஒரு கட்டமாகப் பிரித்து எண்ணுங்கள். 0 முதல் 4 வரை 2 கன்றுகள், 4 முதல் 8 வரை 2, 8 முதல் 12 வரை 1. ஏறத்தாழச் சீராகப் பரவியிருப்பது போன்ற தோற்றம். இப்போது கட்டத்தை 2 அலகு மட்டும் தள்ளி வையுங்கள். 2 முதல் 6 வரை 4 கன்றுகள், 6 முதல் 10 வரை எதுவுமில்லை, 10 முதல் 14 வரை 1. அதே கன்றுகள், அதே கட்ட அகலம். தொடக்கக் கோடு மட்டுமே நகர்ந்தது. முதல் பிரிப்பில் காணாமல் போன கும்பல் இரண்டாவதில் பளிச்சென்று தெரிகிறது. 4 என்ற கோடு அந்தக் கும்பலின் நடுவே போய் அதை இரண்டாக வெட்டிவிட்டதுதான் காரணம்.

இதை மாணவர்களைக் கொண்டே செய்து பார்ப்பது நல்லது. நிகழ்வுச் செவ்வகத்தைப் பிழையில்லாமல் வரையக் கற்றுக்கொடுக்கும் நாம், பிரிவு இடைவெளியை எங்கே தொடங்குவது என்பது நம் கையில் இருக்கும் ஒரு முடிவு என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. வினாத்தாளில் பிரிவு இடைவெளியைக் கொடுத்துவிடுகிறார்கள் அல்லவா!

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மணல் குவியல்

கட்டம் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கன்று இருக்கும் இடத்திலும் ஒரு படி மணலைக் கொட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மணல் கன்றின்மேல் உயரமாகவும், விலக விலகச் சரிந்து, குறிப்பிட்ட தொலைவில் தரையோடு தரையாகவும் ஆகிவிடும். அடுத்தடுத்துள்ள கன்றுகளின் குவியல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எல்லாக் குவியல்களும் சேர்ந்து உண்டாகும் மேடு பள்ளத்தின் உயரமே அந்தந்த இடத்தின் செறிவு. ஒரு குவியலின் வடிவத்தைக் கெர்னல் என்றும், அது பரவும் தொலைவைப் பட்டை அகலம் என்றும் நூல்கள் சொல்லும். வகுப்பறைக்குப் 'பரவு ஆரம்' என்ற சொல் எளிது. இங்கும் அதையே பயன்படுத்துகிறேன்.

ஒரு நிபந்தனை முக்கியம். எந்தக் குவியலிலும் மொத்த மணல் 1 படிதான். அகலமாகப் பரப்பினால் உயரம் குறைய வேண்டும். அப்போதுதான் எல்லா மணலையும் அள்ளி அளந்தால் 5 கன்றுகளுக்கு 5 படி என்று கணக்கு நேராகும்.

தெருவில் குவியலை முக்கோணமாக வைத்துக்கொள்வோம். பரவு ஆரம் 2 என்றால் அடிப்பக்கம் 4, பரப்பு 1 ஆக வேண்டுமெனில் உச்சியின் உயரம் ½. கன்றிலிருந்து 1 அலகு விலகினால் உயரம் ¼. 2 அலகு விலகினால் 0. இனித் தெருவில் 4 என்ற இடத்தில் நிற்போம். கன்றுகள் 1, 0.5, 0.5, 1, 7 அலகுத் தொலைவுகளில் உள்ளன. அவற்றின் பங்குகள் 0.25, 0.375, 0.375, 0.25, 0. கூட்டினால் 1.25. அதாவது அவ்விடத்தில் ஓர் அலகு நீளத்துக்கு 1.25 கன்று என்னும் செறிவு. 8 என்ற இடத்தில் எல்லாக் கன்றுகளும் 2 அலகுக்கு அப்பால் இருப்பதால் விடை 0. 11-ல் அங்குள்ள கன்றின் பங்கு மட்டும், 0.5.

இப்போது பரவு ஆரத்தை 6 ஆக்குவோம். உச்சி உயரம் 1/6. 4 என்ற இடத்தில் செறிவு 21/36, அதாவது 0.58. 8 என்ற இடத்தில் 11/36, அதாவது 0.31. 11 என்ற இடத்தில் 6/36, அதாவது 0.17. இதைப் பலகையில் போட்டு முடித்ததும் ஒரு மாணவி, "டீச்சர், கன்றே இல்லாத 8-ல் மேடு, கன்று இருக்கும் 11-ல் பள்ளமா?" என்று கேட்டாள். அந்தப் பாடவேளையின் பயன் அந்தக் கேள்விதான். கணக்கில் தவறு எதுவுமில்லை. இடப்பக்கக் கும்பலின் மணலும் 11-லுள்ள கன்றின் மணலும் 8 வரை வழிந்து வந்து ஒன்று சேர்ந்தன. பரவு ஆரத்தை அதிகமாக்கினால் இல்லாத இடத்தில் இருப்பது போலத் தோன்றும். மிகக் குறைத்தாலோ ஒவ்வொரு கன்றும் தனித்தனி ஊசியாக நிற்கும். நாம் கும்பலைப் பார்க்க மாட்டோம், பட்டியலைத்தான் பார்ப்போம்.

குவியலின் வடிவம் முக்கோணமா, மணி வடிவமா, பரவளையமா என்பதில் பெரிய வேறுபாடு வராது. பரவு ஆரம் எவ்வளவு என்பதில்தான் படமே மாறிப்போகிறது. 1956-ல் முர்ரே ரோசன்பிளாட்டும் 1962-ல் இமானுவேல் பார்சனும் இந்த முறைக்கு அடிப்படையான கட்டுரைகளை எழுதினார்கள். அன்று முதல் ஆய்வாளர்கள் அதிகம் மல்லுக்கட்டியிருப்பது வடிவத்தோடு அன்று, இந்த ஆரத்தோடுதான். ஒரு புள்ளியை மறைத்து வைத்துவிட்டு, மீதிப் புள்ளிகள் அந்த இடத்தில் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்க்கின்றனவா எனச் சோதித்து ஆரத்தைத் தேர்வது ஒரு வழி. நம் தெருவில் 11-லுள்ள கன்றை மறைத்தால் ஆரம் 2 ஆனாலும் 6 ஆனாலும் மீதி நான்கும் அங்கே 0 என்றே சொல்லும். ஒதுங்கி நிற்கும் ஒற்றைக் கன்று முழுக் கணக்கையும் தன் பக்கம் இழுத்துவிடும் என்பது இவ்வழியின் குறை. தானாக விடை சொல்லும் சூத்திரம் எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதைவிட, மூன்று நான்கு ஆரங்களில் வரைந்து பார்த்து, எல்லாவற்றிலும் நிலைத்து நிற்கும் மேடு எது என்று பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ஓரத்தையும் கவனிக்க வேண்டும். ஆரம் 6 ஆகும்போது 3-லுள்ள கன்றின் மணல் தெருவுக்கு வெளியே -3 வரை போகிறது. வெளியே விழுவது 1/8 படி. 11-லுள்ள கன்றின் மணலும் 14-ஐத் தாண்டி 17 வரை போவதால் அங்கும் 1/8 படி நட்டம். இதனால் ஓரங்களில் செறிவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். வெளியே போனதை உள்ளே தங்கிய மணலுக்கு ஈடாக உயர்த்திக்கொள்வது வழக்கம். 7/8 தங்கினால் அக்குவியலின் உயரங்களை 7/8-ஆல் வகுக்கலாம். பீட்டர் டிகிள் என்னும் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் இடப்புள்ளிகளுக்கு இந்த முறையைப் பொருத்தி 1985-ல் எழுதிய கட்டுரை ஓரத் திருத்தத்துக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

தெருவிலிருந்து மைதானத்துக்கு

தெரு என்பது கோடு. மைதானத்துக்கு வந்தால் முக்கோணம் கூம்பாகிறது. 10ஆம் வகுப்பில் படிக்கும் கூம்பின் கன அளவு இங்கே கைகொடுக்கும். கன அளவு 1 ஆக வேண்டுமெனில் உயரம் = 3 ÷ (பை × ஆரத்தின் வர்க்கம்). ஆரம் 3 மீட்டர் என்றால் உயரம் சுமார் 0.106. ஆரத்தை இரட்டிப்பாக்கினால் உயரம் கால்பங்காகும் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பள்ளி வளாகத்தில் தாய்மரத்தைச் சுற்றி முளைத்திருக்கும் வேப்பங்கன்றுகளோ, மைதானத்திலுள்ள எறும்புப் புற்றுகளோ இதற்கு ஏற்றவை. நாடாவால் அளந்து, 1 சென்டிமீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் வரைபடத்தாளில் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளின் ஒவ்வொரு முழு எண் சந்திப்பிலும் கவராயத்தால் 3 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே விழும் புள்ளிகளின் தொலைவை அளக்க வேண்டும். மையத்தில் ஒரு புள்ளி, 1.5 சென்டிமீட்டரில் ஒன்று, வட்டத்தின்மேல் ஒன்று என்று இருந்தால் பங்குகள் 1, ½, 0. கூட்டுத்தொகை 1.5-ஐ 0.106-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 0.159 கன்று. ஒரு குழு 1 மீட்டர் ஆரத்திலும் இன்னொரு குழு 3 மீட்டரிலும் மூன்றாவது குழு 8 மீட்டரிலும் செய்து, சம உயரக் கோடுகளை வரைந்து சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டட்டும். சந்திப்புகள் நிறைய இருக்கும். ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தால் ஒரே பாடவேளையில் முடியும். அளவு நாடாவைப் பிடிக்கப் போட்டி வரும், அது வேறு.

லண்டன் தெருவில் 1854

வேப்பங்கன்றில் தவறினால் யாருக்கும் நட்டமில்லை. புள்ளிகள் மனித உயிர்களாக இருந்த ஒரு வரைபடத்தை அடுத்து எடுத்துக்கொள்ளலாம். 1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பிராட் தெருவையும் சுற்றியுள்ள தெருக்களையும் சேர்த்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் முதல் பத்து நாட்களுக்குள். காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. மருத்துவர் ஜான் ஸ்னோ, அது குடிநீர் வழியாகப் பரவுகிறது என்று 1849-லேயே எழுதியிருந்தார். பிராட் தெரு அடிபம்பின்மேல் அவருக்குச் சந்தேகம். அவர் எடுத்துச் சொன்னதன்பேரில் செப்டம்பர் 8 அன்று அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

வரைபடத்தைப் பார்த்துத்தான் அவர் பம்பைக் கண்டுபிடித்தார் என்று பல புத்தகங்களில் கதை இருக்கிறது. வரைபடம் பிறகு வந்தது. 1855-ல் அவருடைய நூலின் இரண்டாம் பதிப்பில் அச்சானது. இறப்பு நிகழ்ந்த வீட்டருகே ஒரு சிறு கறுப்புக் கோடு, இன்னோர் இறப்புக்கு அதன்மேல் இன்னொரு கோடு. பிற்காலத்தில் கணினிக்கு ஏற்றிய பதிப்பில் 578 இறப்புகளும் 13 பம்புகளும் உள்ளன. உலகெங்கும் மாணவர்கள் கெர்னல் முறையைப் பழகுவது பெரும்பாலும் இந்தப் புள்ளிகளை வைத்துத்தான். நடுத்தரமான ஆரம் ஒன்றைக் கொடுத்தால் ஒரே மேடு எழும். அதன் உச்சி பிராட் தெருப் பம்புக்கு அருகில் நிற்கும். ஆரத்தைப் பெரிதாக்கினால் சோஹோ முழுவதும் ஒரே வீக்கமாகி, எந்தப் பம்பு என்று சொல்ல முடியாது.

பெரும்பாலான பாடங்கள் இங்கே முடிந்துவிடுகின்றன. ஆனால் ஸ்னோவின் வாதத்துக்கு வலுவூட்டியவற்றில் பல அந்த மேட்டுக்குப் பொருந்தாத இடங்கள். போலண்ட் தெருவில் 535 பேர் தங்கியிருந்த ஏழையர் இல்லம் ஒன்று, மூன்று பக்கமும் காலரா வீடுகள் சூழ நின்றது. அங்கே காலராவால் இறந்தவர்கள் 5 பேர் மட்டுமே. அந்த இல்லத்துக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த பியர் ஆலையில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. ஆலையில் கொடுத்த பியரைக் குடித்தார்கள், பம்புத் தண்ணீரை அல்ல. கெட்ட காற்று காரணம் என்றால் இவ்விரண்டு இடங்களும் தப்பியிருக்க வழியில்லை.

மணல் குவியல் முறை இவ்விரண்டு இடங்களையும் என்ன செய்யும்? சுற்றியுள்ள வீடுகளின் மணல் வழிந்து வந்து இவற்றையும் மூடிவிடும். கன்றில்லாத 8-ல் மேடு வந்ததைப் போலவே, மிகக் குறைவாகவே இறந்த இல்லத்தின்மேலும் மேடு வரும். ஸ்னோவுக்குச் சான்றாக இருந்த வெற்றிடத்தை மென்மையாக்கல் நிரப்பிவிடுகிறது. ஆகவே மேட்டுப் படத்தைப் புள்ளிப் படத்துக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. புள்ளிகளை மேலேயே விட்டுவைத்துத்தான் மேட்டை வரைய வேண்டும்.

புள்ளி எங்கே வைக்கப்படுகிறது என்பதும் கேட்கத்தக்கது. பிராட் தெருவில் துப்பாக்கிக்கான வெடிமூடிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. சுமார் 200 பேர் வேலை செய்தார்கள். அவர்கள் குடிக்கப் பம்புத் தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தார்கள். அவர்களில் 18 பேர் தத்தம் வீடுகளில் இறந்தார்கள். குடித்தது பிராட் தெருவில்; புள்ளியோ வீட்டில். அதே தொழிற்சாலையின் உரிமையாளர்களுடைய தாயார் ஹாம்ப்ஸ்டெட் பகுதிக்குக் குடிபோயிருந்தார். பழைய பம்பின் தண்ணீர்ச் சுவை பிடித்திருந்ததால் வண்டியில் வரவழைத்துக் குடித்தார்; காலராவால் இறந்தார். அவருடைய புள்ளி வரைபடத்தின் எல்லைக்கு வெகு தொலைவில். எந்தப் பரவு ஆரமும் அதைப் பிராட் தெருவோடு இணைக்காது. வீடு வீடாகக் கேட்டறிந்ததால்தான் இது தெரிய வந்தது.

தொலைவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 9ஆம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவுக்குச் சூத்திரம் தருகிறோம். அது காக்கை பறக்கும் தொலைவு. குடம் தூக்கி நடப்பவர் சுவரைத் தாண்டிப் போக முடியாது. ஸ்னோ பிராட் தெருப் பம்புக்கும் மற்றப் பம்புகளுக்கும் சம தொலைவிலுள்ள இடங்களை ஒரு கோட்டால் குறித்தார். அந்தத் தொலைவைத் தெரு வழியாக அளந்தே குறித்தார். மாணவர்களை வீட்டிலிருந்து பள்ளிக்கு இரு விதமாகவும் அளக்கச் சொன்னால் வேறுபாடு உடனே புரியும்.

மேடு என்றால் ஆபத்தா?

மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் இறப்பும் அதிகமாகவே இருக்கும். பிறப்பும் அதிகம், திருமணமும் அதிகம். மேடு மட்டும் ஆபத்தைக் காட்டாது. எத்தனை பேரில் இத்தனை என்று வகுக்க வேண்டும். டிகிள் 1990-ல் எழுதிய ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில் பயன்பாட்டில் இல்லாத ஒரு தொழிற்கழிவு எரிப்பான் அருகே குரல்வளைப் புற்றுநோய் அதிகமோ என்ற ஐயம் எழுந்தது. 1974 முதல் 1983 வரை 58 குரல்வளைப் புற்றுநோயாளிகள். மக்கள் எங்கே எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறார்கள் என்பதற்கு அடையாளமாக, அதே பகுதியில் நுரையீரல் புற்றுநோய் வந்த 978 பேரின் இருப்பிடங்களை எடுத்துக்கொண்டார். இந்த 978 புள்ளிகளுக்குக் கெர்னல் முறையில் செறிவு கண்டு, 58 புள்ளிகள் அந்தச் செறிவைப் பின்பற்றுகின்றனவா, எரிப்பானை நெருங்க நெருங்க மிஞ்சுகின்றனவா என்று பார்த்தார். எரிப்பான் நுரையீரலையும் பாதித்திருந்தால் என்ன ஆகும் என்று மாணவர் கேட்டால் அவரைப் பாராட்டுங்கள். இந்த முறையின் மெல்லிய இடம் அதுதான்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கியூஜிஐஎஸ் என்னும் கட்டணமில்லா மென்பொருளை நிறுவ முடிந்தால், கையால் செய்ததைக் கணினியிலும் செய்து பார்க்கலாம். புள்ளிகளை ஏற்றிச் சூட்டுப்படம் என்ற தோற்றத்தைத் தேர்ந்தால் நொடியில் மேடுகள் வந்துவிடும். ஆரத்தை நாம் கொடுக்காவிட்டால் மென்பொருளே ஒன்றை வைத்துக்கொள்ளும். அந்த ஆரம் தரையின் மீட்டரில் இல்லாமல் திரையின் மில்லிமீட்டரில் இருந்தால், படத்தைப் பெரிதாக்கும்போது மேடு உடைந்து பலவாகும். சிறிதாக்கும்போது ஒன்றாகச் சேரும். தரையில் எதுவும் மாறியிருக்காது. மாணவரே சுட்டியை உருட்டிப் பார்க்கட்டும்.

ஒரு வேண்டுகோள். செயல்பாட்டுக்கு மாணவர் வீடுகளையோ, யாருக்கு என்ன நோய் என்பதையோ புள்ளியாக எடுக்க வேண்டாம். ஒரு புள்ளி எந்த வீடு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். மரம், புற்று, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் போதும். தெருவிளக்குகளை எடுத்தால் 100 மீட்டர் ஆரத்தில் ஊர் முழுவதும் வெளிச்சமாகத் தெரியும். 15 மீட்டர் ஆரத்தில் எந்தச் சந்து இருட்டு என்று தெரியும்.